டிசம்பர் வாதம்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் விளையாட்டுப் பிரிவில் சண்டை தொடங்கிவிடும். புத்தாண்டு இதழுக்கு 'ஆண்டின் சிறந்த விளையாட்டாளர்' என்று ஒரு முழுப்பக்கம் வேண்டும். வீரர் ஒருவர், வீராங்கனை ஒருவர், காற்பந்தாட்டக்காரர் ஒருவர் என்று மூன்றே பெயர்கள். அந்த மூன்று பெயரைத் தீர்மானிப்பதற்குள் ஆளுக்கு ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒருநாள் பேசாமல் இருந்து, மறுநாள் புதுப் புள்ளிவிவரத்தோடு வந்து மறுபடியும் மேசையைத் தட்டுவோம்.

அலுவலகத்தில் பேசினால் வேலை கெடும். அதனால் பக்கங்கள் அச்சுக்குப் போனபிறகு பண்டார் துன் ரசாக்கில் ஒரு மாமாக் கடைக்கு வந்துவிடுவோம். நான் குடியிருப்பது செராசில். கோலாலம்பூர் காற்பந்து அரங்கமும் இங்கேதான், பூப்பந்து அரங்கமும் இங்கேதான். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவராக இருப்பார், அல்லது அவருடைய மகன் இப்போது ஆடிக்கொண்டிருப்பான். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். செராசில் விருதைப் பற்றிப் பேசினால் ஐந்து பேரோடு முடியாது.

மேசையில் எப்போதும் இருப்பவர்கள் நானும், எங்கள் படக்கலைஞரும், வாரம் ஒருமுறை பத்தி எழுதும் முன்னாள் ஹாக்கி ஆட்டக்காரர் ஒருவரும், இளம் நிருபர்கள் இருவரும். ஹாக்கிக்காரருக்கு அணி ஆட்டம்தான் ஆட்டம். தனியாக ஓடி ஜெயிப்பவனைவிட பத்துப் பேரைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனே பெரியவன் என்பார். படக்கலைஞர் முகங்களை நினைவில் வைத்திருப்பவர். "அன்னைக்கு அவன் முகத்தப் பாத்தீங்களா அண்ணே?" என்றுதான் அவருடைய வாதம் தொடங்கும். இளையவர்கள் இருவரும் கைப்பேசியில் எண்களோடு வருவார்கள். எல்லாரும் சொல்வதிலும் ஏதோ ஒரு நியாயம் இருக்கும். அதனால்தான் விவாதம் நீளும்.

இந்த மேசையில் நான் பிடிவாதமாகக் கேட்பது ஒன்றுதான். பெயரைச் சொல்வதற்கு முன்னால் எதை அளக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மனம் அந்தப் பெயருக்குத் தோதான காரணத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிடும். உலக வெற்றியாளர் பட்டத்தைப் பிடித்தவர் நமக்கு வேண்டியவராக இருந்தால் பட்டம்தான் முக்கியம் என்போம். வேண்டியவர் அரையிறுதியில் தோற்றிருந்தால் ஆண்டு முழுவதும் நிலையாக ஆடினாரே என்போம். இரண்டும் நல்ல அளவுகோல்கள்தாம். ஆனால் ஒரே ஆண்டில் இரண்டு பேருக்கு இரண்டு அளவுகோல்களை வைத்தால் அது தீர்ப்பாகாது.

மலேசியாவில் தேசிய விளையாட்டு விருது 1966இல் தொடங்கியது. மலாயில் ஒலாராகவான், ஒலாராகவாத்தி என்று சொல்லப்படும் அந்த இரண்டு விருதுகளின் முதல் பெயர்களைத் தமிழ் வாசகர்கள் மறப்பதில்லை. ஆடவர் பிரிவில் எம். ஜெகதீசன், மகளிர் பிரிவில் எம். ராஜமணி. அந்த ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம் வென்றார். ராஜமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற முதல் மலேசியப் பெண் அவர். இந்த இருவருக்கும் விருது கொடுக்க எந்த மேசையிலும் சண்டை நடந்திருக்காது. ஜெகதீசன் 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. மருத்துவராகிக்கொண்டே ஓடிய மனிதர் அவர். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காரும்.

இந்தப் பெருமையே எங்கள் வேலையைக் கடினமாக்குகிறது. தமிழ் நாளிதழில் வேலை செய்பவனுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, "நம்ம பையன ஏன் போடல?" என்பதுதான். கேட்பவர்மேல் எனக்கு ஒருபோதும் கோபம் வந்ததில்லை. தோட்டத்திலிருந்து வந்து, பிள்ளையைப் பயிற்சிக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொண்டிருந்த தலைமுறை அது. பெரிய ஆங்கில, மலாய் நாளிதழ்களில் ஒரு வரி வராதா என்று தேடிப் பார்த்து ஏமாந்தவர்கள். நம் பேப்பராவது போடும் என்று நம்பி அழைக்கிறார்கள். படம் போடுவேன், செய்தி போடுவேன், நேர்காணல் எடுப்பேன். விருது மட்டும் வேறு. ஜெகதீசனையும் ராஜமணியையும் நம்மவர் என்பதற்காக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தப் பட்டியலின் தலைப்பில் அவர்கள் பெயர் இருப்பதன் மதிப்பே அதில்தான் இருக்கிறது. சலுகையில் ஒரு பெயரைச் சேர்த்தால் அந்த இருவரின் பெயரையும் அது கீழே இழுக்கும்.

காற்பந்துக்கு வருவோம். உண்மையான சண்டை அங்கேதான்.

கோலாலம்பூர் காற்பந்து அரங்கத்தில் நிருபர்களுக்கான வரிசையில் நான் உட்காரும்போது கையில் ஒரு 555 புத்தகம் இருக்கும். மளிகைக்கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, அதே சிறிய புத்தகம்தான். சட்டைப் பையில் அடங்கும், மழை பெய்தால் மடியில் மறைத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு முன்பே இரண்டு பக்கங்களில் கோடு போட்டு வைப்பேன். இடப்பக்கம் ஆட்டக்காரரின் எண். அதற்கு எதிரே நான்கு கட்டம்: பந்தைப் பறித்தது, பந்தை இழந்தது, முன்னோக்கி அனுப்பியது, தவறான இடத்தில் நின்றது. இந்தக் கடைசிக் கட்டம் என் சொந்த ஏற்பாடு. பந்து வராதபோது ஒருவர் எங்கே நின்றார் என்பதைத் தொலைக்காட்சி காட்டாது. கேமரா பந்தின் பின்னால் ஓடும். அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மட்டும்தான் பந்தில்லாத பக்கத்தைப் பார்க்க முடியும்.

முதல் கால் மணி நேரத்தில் யாருக்கும் எதுவும் எழுத மாட்டேன், வெறுமனே பார்ப்பேன். பிறகு ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு ஆட்டக்காரரை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணை அவர்மேலேயே வைத்திருப்பேன். பந்து எங்கே போனாலும் போகட்டும். தற்காப்புக்கு முன்னால் நிற்கும் மத்தியத் திடல் ஆட்டக்காரரை இப்படிப் பத்து நிமிடம் பார்த்தால் மனிதன் எவ்வளவு வேலை செய்கிறான் என்று தெரியும். வலப்பக்கத் தற்காப்பாளர் முன்னேறிப் போனால் இவர் அந்த இடத்துக்கு நகர்வார். எதிரணித் தாக்குதல்காரர் திரும்பப் பார்க்கும் இடத்தில் போய் நின்றுகொள்வார். அவர் திரும்ப மாட்டார், பந்து பின்னால் போகும். அங்கே ஒரு கோல் வாய்ப்பு பிறக்காமலேயே செத்துப்போகும். அதற்குக் கைத்தட்டல் கிடையாது, மறுநாள் படமும் கிடையாது. கோலாலம்பூர் சிட்டி அணியில் கென்னி பல்ராஜ் ஆடிவந்த இடம் அது. அந்த இடத்தில் ஆடுகிறவருக்கு மக்கள் கொடுக்கும் விருது கிடைப்பது கடினம். கண்ணால் பார்த்து எண்ணியவர்கள் கொடுத்தால்தான் உண்டு.

2021இல் கோலாலம்பூர் சிட்டி மலேசியக் கிண்ணத்தை வென்றது. புக்கிட் ஜாலில் அரங்கத்தில் ஜொகூர் டாருல் தக்சிம் அணியை 2-0 என்று தோற்கடித்தது. 1987, 1988, 1989 என்று தொடர்ந்து மூன்று முறை தூக்கிய கிண்ணம், 32 ஆண்டுகளுக்குப் பிறகு தலைநகருக்குத் திரும்பியது. ஸஃப்ரி யாஹ்யா ஒரு கோல், அணித்தலைவர் பாலோ ஜோசுவே ஒரு கோல். செராசில் அன்றிரவு ஹாரன் சத்தம் ஓயவில்லை. மறுவாரம் மேசையில் 'ஆண்டின் காற்பந்தாட்டக்காரர்' என்று வந்தபோது, இளம் நிருபர் ஒருவர் பாலோ ஜோசுவே பெயரைச் சொன்னார். கோல் அடித்தவர், அணித்தலைவர், கிண்ணம் கையில் இருக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்?

"தம்பி, கிண்ணத்துக்குக் கொடுக்கிறீங்களா, வருசத்துக்குக் கொடுக்கிறீங்களா?" என்று ஹாக்கிக்காரர் கேட்டார்.

அந்தக் கேள்வியில் மேசை இரண்டாகப் பிரிந்தது. கிண்ணம் என்பது சில வாரத்துக் கதை. லீக் என்பது பல மாதத்துக் கதை. அந்த ஆண்டு லீக்கில் ஜொகூர்தான் வெற்றியாளர். அங்கே அரிஃப் ஐமான் என்ற பத்தொன்பது வயதுப் பையன் வலப்பக்கத்தில் ஓடி ஓடித் தற்காப்பாளர்களைத் தவிக்கவிட்டுக்கொண்டிருந்தான். பிறகு தேசியக் காற்பந்து விருதில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பெயரை அவனே எடுத்துக்கொண்டான். எங்கள் பகுதி அணிமேல் எனக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும், ஆண்டு முழுவதையும் அளப்பது என்று முடிவு செய்துவிட்டால் அரிஃப் ஐமானைத்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். இறுதியாட்டத்தின் நாயகர்களுக்குத் தனிக்கட்டுரை போட்டோம். இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் திணிக்கவில்லை.

கோல்காவலர்களை அளப்பது இன்னும் கடினம். அதிகம் தடுத்தவர் சிறந்தவர் என்று எண்கள் சொல்லும். அவருக்கு முன்னால் நிற்கும் தற்காப்பு ஓட்டையாக இருந்தால்தான் அவருக்கு அவ்வளவு வேலை வரும். நல்ல அணியின் கோல்காவலர் ஒரு ஆட்டத்தில் இரண்டே முறை பந்தைத் தொடுவார். அந்த இரண்டும் ஆட்டத்தின் தலைவிதியாக இருக்கும். எங்கள் தலைமுறைக்குக் கோல்காவலர் என்றால் ஆர். ஆறுமுகம்தான். நீண்ட கைகள், ஸ்பைடர்மேன் என்ற பட்டப்பெயர், சிலாங்கூர் அணியின் சட்டை, நாட்டின் சட்டை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் மறைந்தபோது வயது 35தான். அவரைப் பற்றிப் பேசும் மூத்த ரசிகர்கள் தடுத்த கோல்களைவிட இன்னொன்றை அதிகம் சொல்வார்கள். உயரமாக வரும் பந்தை அவர் கூட்டத்துக்குள் புகுந்து எடுத்துவிடுவார், அதனால் எதிரணி உதைக்கும் வாய்ப்பே பிறக்காது. பிறக்காத வாய்ப்புக்குக் கணக்கு எழுத முடியாது. அதற்காகவே கோல்காவலருக்குத் தனி விருது வைப்பது சரி என்று நினைக்கிறேன். தாக்குதல்காரரோடு அவரை ஒரே தராசில் வைத்தால் எப்போதும் இலேசாகத்தான் தெரிவார்.

காற்பந்திலேயே இவ்வளவு என்றால், நாட்டின் சிறந்த விளையாட்டாளர் என்று வரும்போது பூப்பந்தையும் ஸ்குவாஷையும் முக்குளிப்பையும் சைக்கிளோட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். 2012ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் ஒலிம்பிக்கில் பண்டெலேலா ரினோங் 10 மீட்டர் மேடையிலிருந்து குதித்து வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் மலேசியப் பெண். அதுவரை நம் ஒலிம்பிக் பதக்கங்கள் எல்லாமே பூப்பந்தில் வந்தவை. அதே ஆண்டு டிசம்பரில் நிக்கோல் டேவிட் ஏழாவது முறையாக உலகப் பட்டத்தை வென்றார். ஸ்குவாஷ் அப்போது ஒலிம்பிக்கில் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலிஸில்தான் முதல்முறையாக வரப்போகிறது. உலகத்தில் மூன்றாவது ஆளும், உலகத்தில் முதல் ஆளும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஆனால் மூன்றாவது ஆள் நின்ற மேடையை உலகமே பார்த்தது.

அந்த ஆண்டு நான் நிக்கோல் பக்கம் நின்றேன். 2006 ஆகஸ்டிலிருந்து 2015 வரை தொடர்ந்து 108 மாதம் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர் அவர். ஒலிம்பிக் அவருடைய விளையாட்டைச் சேர்க்காதது அவர் தவறில்லை. பண்டெலேலாவின் வெண்கலம் வரலாறு, அதில் சந்தேகமே இல்லை; நாட்டின் எத்தனையோ பெண் பிள்ளைகளை அது நீச்சல் குளத்துக்கு அனுப்பியிருக்கும். வரலாற்றுக்கு விருது கொடுப்பதா, அந்த ஆண்டின் திறமைக்கு விருது கொடுப்பதா? திறமைக்கு என்பதுதான் என் பதில். படக்கலைஞர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பண்டெலேலா மேடையில் பதக்கத்தோடு நின்ற முகத்தை வைத்தே பேசுவார். அவர் சொல்வதற்கும் பலம் இருக்கிறது: விளையாட்டாளர் தன் நாட்டில் என்ன மாற்றத்தை உண்டாக்கினார் என்பதும் அந்த ஆண்டின் சாதனைதானே என்பார்.

ஸ்குவாஷைப் பற்றிப் பேசும்போது எஸ். சிவசங்கரியை விட முடியாது. கெடாவைச் சேர்ந்தவர். 2022இல் நெடுஞ்சாலை விபத்தில் சிக்கி, கழுத்திலும் முகத்திலும் எலும்பு முறிந்து, பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்குப் போக முடியாமல் கிடந்தார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றார். 2024 ஏப்ரலில் லண்டன் கிளாசிக் இறுதியாட்டத்தில் எகிப்தின் ஹனியா எல் ஹம்மாமியை வென்றார். அந்தச் செய்தி வந்த இரவு பக்கத்தை மறுபடி திறக்கச் சொல்லி அச்சகத்துக்கு அழைத்தேன்.

இளம் நிருபர் எழுதிக் கொடுத்த பரிந்துரையில் முதல் வரி விபத்து, இரண்டாவது வரி விபத்து, மூன்றாவது வரியில்தான் ஆட்டம் வந்தது. "தம்பி, விபத்த எடுத்துட்டுப் படிச்சுப் பாருங்க" என்றேன். எடுத்துவிட்டுப் படித்தார். அப்படியும் அந்தப் பெண் நின்றாள். எகிப்தியர்கள் ஆண்டுக்கணக்காகக் கட்டியாண்டுகொண்டிருக்கும் விளையாட்டில் ஒரு மலேசியப் பெண் அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தது மட்டுமே போதும். வலியும் மீட்சியும் கட்டுரைக்கு உரியவை; அதை மனமுருகிப் படிக்கும் முதல் ஆள் நானாக இருப்பேன். விருதை அனுதாபத்தில் கொடுத்தால் அவர் ஆடிய ஆட்டத்தை நாமே குறைத்துச் சொன்னதாகிவிடும்.

இந்த இடத்தில் பேஸ்பால் பற்றிக் கொஞ்சம். நம் ஊரில் பெண் பிள்ளைகள் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுவார்கள், அதோடு சரி. ஆனால் வெளிநாட்டுச் செய்திச் சேவையில் நவம்பர் மாதம் அமெரிக்க பேஸ்பால் விருதுச் செய்திகள் குவியும். அவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு அந்த விருது முறைமேல் மரியாதை வந்தது. அங்கே மிக மதிப்புமிக்க ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பவர்கள் என்னைப் போன்ற விளையாட்டுச் செய்தியாளர்கள். ஒவ்வொரு லீக்கிலும் ஒவ்வொரு அணியின் நகரத்திலிருந்தும் இரண்டு பேர், ஆக 30 பேர். ஒவ்வொருவரும் பத்துப் பெயரை வரிசைப்படுத்தி எழுதுவார்கள். முதல் பெயருக்கு 14 புள்ளி, இரண்டாவதுக்கு 9, பிறகு 8 என்று இறங்கிக்கொண்டே வரும். இறுதிச் சுற்றுகள் தொடங்கும் முன்பே வாக்கைக் கொடுத்துவிட வேண்டும். கிண்ணமா, ஆண்டா என்று எங்கள் மேசை பிளந்துபோன கேள்விக்கு அவர்கள் இந்த ஒரு விதியிலேயே பதில் வைத்துவிட்டார்கள். யார் யாருக்கு வாக்களித்தார் என்பதும் வெளியில் வந்துவிடும். ஒளிந்துகொள்ள இடமில்லை.

அப்படியும் சண்டை ஓய்வதில்லை. 1947இல் டெட் வில்லியம்ஸ் அடித்த விகிதத்திலும் ஹோம் ரன்னிலும் அணிக்கு எடுத்துக்கொடுத்த ரன்களிலும் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். விருது ஜோ டிமாஜியோவுக்குப் போனது. 202க்கு 201, ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். 2012இல் அதே மாதிரி மூன்றிலும் முதலிடம் பிடித்த மிகெல் கப்ரேராவுக்கு விருது கிடைத்தது. அன்று எதிர்த்து நின்ற மைக் டிரவுட்டின் ஆதரவாளர்கள், அவர் ஓட்டத்திலும் களத்தடுப்பிலும் செய்ததையும் கூட்டிப் பாருங்கள் என்று கேட்டார்கள். பந்து வீசுபவர்களின் விருதில்தான் எனக்குப் பிடித்த மாற்றம் நடந்தது. முன்பெல்லாம் எத்தனை ஆட்டம் ஜெயித்தார் என்றே பார்ப்பார்கள். 2010இல் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றி, 12 தோல்வியோடு சை யங் விருதை வாங்கினார். 2018இல் ஜேக்கப் டிகிராம் வெறும் 10 வெற்றி, 9 தோல்வியோடு வாங்கினார். அவர் வீசும்போது எதிரணி ரன் எடுக்கத் திணறியது. அவருடைய சொந்த அணியும் ரன் எடுத்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பந்து வீசுபவரின் குற்றம் எது, அணியின் குற்றம் எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். இதைப் படித்த இரவு எனக்கு ஓட்டைத் தற்காப்புக்குப் பின்னால் நிற்கும் நம் கோல்காவலர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

மக்கள் வாக்கை நான் எதிர்ப்பவன் இல்லை. 2016 பிப்ரவரியில் பினாங்கு அணியின் ஃபாயிஸ் சுப்ரி உதைத்த ஃபிரீ கிக் காற்றில் ஒரு பக்கம் போய், மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. அந்தக் கோலுக்கு ஃபீஃபாவின் புஷ்காஸ் விருது கிடைத்தது. மக்கள் வாக்கில் சுமார் 59 விழுக்காடு அவருக்கு விழுந்தது. மலேசியர்கள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததால்தான் கிடைத்தது என்று சிலர் சொன்னார்கள். அந்தக் கோலை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். வாக்கு இல்லாவிட்டாலும் அது அந்தக் கோல்தான். ஒரே ஒரு கோலின் அழகைச் சொல்ல மக்கள் போதும், கண் இருந்தால் போதும். பத்து மாத ஆட்டத்தை அளக்க, பத்து மாதம் போய் உட்கார்ந்தவர்கள் வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நடக்கும் ஒரு சிறிய காற்பந்து லீக்கில், சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க என்னைக் கேட்டார்கள். வார இறுதிகளில் திடலுக்குப் போய் 555 புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். அதிகக் கோல் அடித்த பையன் நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் வலப்பக்கத் தற்காப்பில் ஆடிய ஒருவர், பகலில் லாரியில் வேலை செய்துவிட்டு நேராகத் திடலுக்கு வருபவர், எல்லா ஆட்டத்திலும் எதிரணியின் இடப்பக்கத்தை மூடிவைத்தார். என் புத்தகத்தில் அவர் எண்ணுக்கு எதிரே 'தவறான இடத்தில் நின்றது' என்ற கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. பரிசளிப்புக்கு முதல்நாள் புரவலர்களில் ஒருவர் அழைத்தார். கோல் அடித்த பையனின் குடும்பம் கூட்டத்தோடு வருகிறது, மேடையில் படம் நன்றாக வரும், பெயரை மாற்ற முடியுமா என்று கேட்டார். கோல் அடித்ததற்கு ஏற்கெனவே தனிப் பரிசு இருக்கிறது என்றேன். அப்படியும் விடவில்லை. கடைசியில், "ஒண்ணு செய்யலாங்க. பெயர அறிவிக்கும்போது காரணத்தையும் நானே வாசிக்கிறேன். வாசிச்சு முடிச்ச பிறகு யாருக்காவது ஆட்சேபம் இருந்தா அங்கேயே சொல்லட்டும்" என்றேன்.

வாசித்தேன். எந்த ஆட்டத்தில் எந்தப் பக்கத்தை மூடினார், எந்த நிமிடத்தில் கோட்டுக்கு மேலிருந்து பந்தை வெளியேற்றினார், அவர் ஆடாத ஒரே ஆட்டத்தில் அணி எந்தப் பக்கத்திலிருந்து கோல் வாங்கியது என்று வரிசையாக வாசித்தேன். கூட்டம் ஆரவாரம் செய்யவில்லை, ஆனால் கவனித்தது. கோல் அடித்த பையனே முதலில் எழுந்து போய் அவருக்குக் கை கொடுத்தான். அன்றிலிருந்து காரணம் எழுதாத விருதுக்கு நான் உட்காருவதில்லை.

மாற்றுத்திறன் விளையாட்டாளர்களின் கதை என் மனதை உறுத்தும் விஷயம். 2024 பாரிஸ் முடிந்த பிறகும் மலேசியாவுக்கு ஒலிம்பிக் தங்கம் கிடைக்கவில்லை. லீ சொங் வெய் 2008, 2012, 2016 என்று மூன்று முறை வெள்ளியோடு நின்றார். ஆனால் பாராலிம்பிக்கில் 2016 ரியோவிலேயே ரிட்சுவான் புசி, சியாட் சுல்கிஃப்லி, லத்திஃப் ரோம்லி என்று மூன்று தங்கம். பவர் லிஃப்டிங்கில் போனி புன்யாவ், பூப்பந்தில் சியா லியெக் ஹோ இருவரும் 2020 தோக்கியோவிலும் 2024 பாரிசிலும் தங்கம் எடுத்தார்கள். அவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது என்று சொல்லி முதன்மைப் பட்டியலில் பெயரே எழுதாமல் விடுவது எங்கள் மேசையிலும் நடந்துகொண்டிருந்தது. தன் விளையாட்டில் உலகத்தில் முதல் ஆளாக நிற்பவரை, அந்த ஆண்டின் சிறந்தவர் யார் என்ற கேள்விக்குள் நுழையவே விடாமல் கதவைச் சாத்துவது அநியாயம். இப்போது எங்கள் பட்டியலில் அவர்கள் பெயர் மற்றவர்களோடு சேர்ந்துதான் வருகிறது. போட்டி கடுமையாகிவிட்டது, அது நல்லதுதான்.

2025ஆம் ஆண்டு டிசம்பரில் மேசைக்கு வந்தது இரட்டையர் பிரச்சினை. அந்த ஆகஸ்டில் பாரிசில் நடந்த உலகப் பூப்பந்து வெற்றியாளர் போட்டியில் சென் தாங் ஜி - தோ ஈ வெய் இணை கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றது. அந்தப் பிரிவில் மலேசியாவின் முதல் உலகப் பட்டம். அதே போட்டியில் பெர்லி தான் - எம். தீனா இணை மகளிர் இரட்டையர் இறுதியாட்டம் வரை போய், சீன இணையோடு மூன்று செட் போராடி வெள்ளியோடு திரும்பியது. மகளிர் இரட்டையரில் அந்த உயரத்துக்கு மலேசிய இணை எதுவும் அதற்குமுன் போனதில்லை. மே மாதம் தாய்லாந்து பொதுப் போட்டியையும் அவர்கள் வென்றிருந்தார்கள். சிறந்த வீராங்கனை என்று ஒரே பெயர்தான் எழுதலாம் என்றால், இரண்டு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் எந்தப் பாதியை எழுதுவது? வலைக்கு அருகில் நிற்பவருக்கா, பின்னாலிருந்து அடிப்பவருக்கா? இணைக்குச் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று அன்று பக்கத்தின் அமைப்பையே மாற்றினோம்.

பிறகு எந்த இணை? இளையவர்கள் இருவரும் தீனா இணையின் பக்கம். ஆண்டு முழுவதும் பெரிய போட்டிகளில் நிலையாக நின்றார்கள் என்று எண்களை அடுக்கினார்கள். ஹாக்கிக்காரர் உலகப் பட்டத்தின் பக்கம். நான் எழுதியது இது: இரண்டு இணைகளும் அந்த ஆண்டின் மிகக் கடினமான ஒரே மேடையில் நின்றன, அந்த மேடையில் ஒரு இணை கடைசிப் புள்ளி வரை போய் வென்றது, ஆகவே முதலிடம் சென் தாங் ஜி - தோ ஈ வெய். இரண்டாமிடம் பெர்லி - தீனா. அவர்கள் முதலிடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றார்கள் என்பதையும் பட்டியல் போட்டு எழுதினேன்.

காலையில் தொலைபேசி அடித்தது. கிள்ளானிலிருந்து ஒரு மூத்த வாசகர்.

"தீனாவ ரெண்டாவதா போட்டுட்டீங்களே தம்பி."

"காரணம் எழுதியிருக்கேன் ஐயா. படிச்சீங்களா?"

"படிச்சேன். ஒத்துக்க முடியல. கலப்பு இரட்டையர்ல போட்டி குறைவு, மகளிர்ல சீனா, கொரியா, ஜப்பான் மூணும் நிக்குது. அத நீங்க கணக்குல எடுக்கல."

வலுவான கேள்வி. பிரிவுக்குப் பிரிவு போட்டியின் கடுமை மாறும் என்பதை எப்படி அளப்பது என்று அரை மணி நேரம் பேசினோம். அவர் தரவரிசைகளையெல்லாம் நினைவிலிருந்தே சொன்னார். எழுதி அனுப்புங்கள் ஐயா, போடுகிறேன் என்றேன். இரண்டு நாளில் கையால் எழுதிய நான்கு பக்கம் வந்தது. ஒரு வரியையும் வெட்டாமல், அடுத்த ஞாயிறு பதிப்பில், என் தேர்வு வந்த அதே பக்கத்தில் அதே அளவு இடத்தில் போட்டோம்.